சாந்தோம் கோபுரத்தைக் காணப் புறப்படுமுன்

வெள்ளிமலையிலிருந்து சென்னைக்குப் போவது எளிய காரியமன்று. கல்வராயன் மலையின் வளைவுகளில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சியை அடைந்து, தியாகதுருகம், உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கற்பட்டு என்று ஊர்களை எண்ணிக்கொண்டே போகவேண்டும். இரவில் புறப்பட்டால்தான் காலைத் திருப்பலிக்குப் போய்ச் சேரலாம். மலை மக்களுள் பலர் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருவிழாவுக்குப் போயிருப்பார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவர்களும் உண்டு. ஆனால், சாந்தோம் பேராலயத்தைக் கண்டவர்கள் மிகச் சிலரே.

இந்த ஆண்டு சாமை அறுவடை முடிந்ததும் ஒரு பேருந்து நிறையப் பேரை அங்கே அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் பங்கைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் ஓடு வேய்ந்த சிறு கோவில் இருக்கிறது. அதற்குக் கோபுரம் கட்டவேண்டும் என்பது அவ்வூர் இளைஞர்களின் ஆசை. கீழ்நாட்டு ஊர்களில் எல்லாக் கோவில்களுக்கும் கோபுரம் இருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். திருவிழாச் சேமிப்பைக் கொண்டு தொடங்கிவிடலாம் என்றார்கள். செய்தி பக்கத்து ஊருக்கு எட்டியது. "அங்கே கோபுரம் எழுந்தால் எங்கள் ஊரிலும் எழவேண்டும், அதைவிட ஒரு முழமாவது உயரமாக" என்று அவர்கள் வந்து நின்றார்கள். பங்குக் கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன. கடைசியில் பெரியவர் ஒருவர் எழுந்து, "சாமி, மழைக்கு ஒழுகுற கூரையை முதல்ல பாருங்க. கோபுரம் எங்கயும் ஓடிப்போகாது" என்றார். சிரிப்பு எழுந்தது, முடிவு எழவில்லை.

முடிவைத் தள்ளி வைத்துவிட்டு, "முதலில் ஒரு கோபுரத்தைப் போய்ப் பார்த்து வருவோம், பிறகு பேசுவோம்" என்று சொன்னேன். எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை அவர்களுக்குச் சொல்லுமுன் எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ள எழுதியதுதான் இக்கட்டுரை.

பழைய தவறு ஒன்று

இதற்குமுன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது ஒரு குழுவைச் சாந்தோமுக்கு அழைத்துச் சென்றேன். வாகனம் நின்றதும் எல்லாரும் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார்கள். வெண்மையான அந்த ஊசிக்கோபுரத்தின் உயரம் 155 அடி என்று நானும் அறிந்ததைச் சொன்னேன். படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே சென்று வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பார்த்து, முழங்காலிட்டு எழுந்தார்கள். நேரமாகிவிட்டது என்று நானே விரட்டிக் கடற்கரைக்கு இட்டுச் சென்றேன். திரும்பும் வழியில், மதுராந்தகம் தாண்டியிருப்போம், மூதாட்டி ஒருவர் கேட்டார்: "சாமி, தோமையாரு எங்க இருந்தாரு? நான் பாக்கலையே!"

கோபுரத்தைக் காட்டிக் கல்லறையைக் காட்டாமல் வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன சமாதானம் எனக்கே நிறைவளிக்கவில்லை. இம்முறை அந்தத் தவறு நேரக்கூடாது.

இரண்டு கோபுரங்கள்

சாந்தோம் பேராலயத்தில் கோபுரம் ஒன்றல்ல, இரண்டு. உயர்ந்த கோபுரம் எல்லாருடைய கண்ணிலும் படுகிறது. கூரையின் நடுப்பகுதியில் இன்னொரு சிறு கோபுரம் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டினால்தான் காண்பார்கள். அது தரைக்குக் கீழே திருத்தூதர் தோமையாரின் கல்லறை இருக்கும் இடத்தின் அடையாளம். பெரியது ஆயரின் தலைமைக் கோவில் இது என்று ஊருக்கு அறிவிக்கிறது. சிறியது இவ்விடத்தில் ஏன் ஒரு கோவில் எழுந்தது என்பதைச் சொல்கிறது. காரணம் சிறிதாகவும் அறிவிப்பு பெரிதாகவும் அமைவது மனித இயல்புதானே!

திருத்தூதர் ஒருவரின் கல்லறைமேல் எழுந்த கோவில்கள் உலகில் மூன்றே என்று நம்மவர் பெருமையுடன் சொல்வது வழக்கம். ரோமையில் பேதுருவுக்கும், ஸ்பெயினின் கொம்பொஸ்தெலாவில் யாக்கோபுக்கும், மயிலையில் தோமையாருக்கும் என்று கணக்குச் சொல்வார்கள். ரோமையிலேயே பவுலடியாரின் கல்லறைமேல் மற்றொரு பேராலயம் இருப்பதை இக்கணக்கு மறந்துவிடுகிறது. பெருமைக்காக எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதில்லை. சாந்தோமின் பெருமைக்கு வேறு சான்றுகள் உண்டு.

கல்லறையின் சாட்சிகள்

முதல் நூற்றாண்டில் பாலஸ்தீனத்திலிருந்து ஒருவர் சோழமண்டலக் கரைக்கு வந்திருக்க முடியுமா? இக்கேள்விக்கு விடை தேட நாம் தொலைவு போகவேண்டியதில்லை. நம் உயர்மறைமாவட்டத்திலேயே, புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் இத்தாலிய மட்கலத் துண்டுகளும் கிடைத்தன. மேற்குக் கடல்களின் சரக்கு அக்காலத்தில் நம் கரையில் இறங்கியது என்பதில் ஐயமில்லை. சரக்கு வந்த வழியில் திருத்தூதரும் வந்தார் என்று இது மெய்ப்பித்துவிடவில்லை. வந்திருக்க முடியும் என்பதை மட்டும் காட்டுகிறது. இந்த வேறுபாட்டை நாம் நேர்மையுடன் காக்கவேண்டும்.

ஆறாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் தூர் நகர ஆயர் கிரகோரியார், இந்தியாவில் தோமையாரின் உடல் முதலில் வைக்கப்பட்ட இடத்தில் ஒரு துறவு மடமும் கோவிலும் இருந்ததை, அங்கே சென்றுவந்த ஒருவர் வாயிலாக அறிந்து எழுதினார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவுக்குச் செல்லும் வழியில் பிரான்சிஸ்கத் துறவி மோந்தெகொர்வீனோ யோவான், தோமையார் கோவில் இருந்த நாட்டில் 13 மாதம் தங்கினார். ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். உடன் வந்த தோழர் இறந்தபோது அக்கோவிலிலேயே அடக்கம் செய்தார். அதே காலத்தவரான வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ, சிற்றூர் ஒன்றில் இருந்த இக்கல்லறையைப் பற்றி எழுதினார். கிறிஸ்தவர் மட்டுமன்றி இசுலாமியரும் அங்கே வந்து வணங்கினர் என்றும், அவ்விடத்து மண்ணை எடுத்துச் சென்று நோயாளிகளுக்குக் கொடுத்தனர் என்றும் குறிக்கிறார். போர்த்துக்கீசியர் நம் கரையைக் காண்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முந்தைய செய்தி இது. மயிலைக் கல்லறை போர்த்துக்கீசியர் புனைந்த கதை என்று சொல்வோர் இதை நினைவிற்கொள்வது நல்லது.

ஆனால், இன்னோர் உண்மையையும் சொல்லவேண்டும். இக்கல்லறை ஏறக்குறைய வெறுமையான கல்லறை. திருத்தூதரின் எலும்புகளுள் பெரும்பகுதி மிகப் பழங்காலத்திலேயே சிரியப் பகுதியின் எதேசா நகருக்குக் கொண்டுபோகப்பட்டது. நான்காம் நூற்றாண்டுப் புனித எபிரேம் தம் பாடல்களில் இதைக் குறித்துள்ளார். பின்பு அவை கீயோஸ் தீவுக்கும், 1258-இல் அங்கிருந்து இத்தாலியின் ஒர்த்தோனா நகருக்கும் சென்றன. மயிலையில் போர்த்துக்கீசியர் 1523-இல் அகழ்ந்தபோது சில எலும்புகளும் ஓர் ஈட்டிமுனையும் மண் நிறைந்த ஒரு பாத்திரமும் கிடைத்தன என்பது அவர்களுடைய குறிப்பு.

படித்தவர்கள் கேட்பார்கள்: எழுதிய சான்று இவ்வளவுதானா? எங்கள் மலை மக்களுக்கு இதை விளக்குவது எனக்கு எளிது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. அதற்குக் கல்வெட்டுக் கேட்டால் சிரிப்பார்கள். பாட்டன் சொன்னதைப் பேரன் காப்பதும் ஒருவகைச் சான்று என்பதை அவர்கள் அறிவார்கள். பாட்டன் சொன்னதில் ஒன்றிரண்டு கூடியும் குறைந்தும் இருக்கலாம் என்பதையும் அறிவார்கள். திருச்சபையின் மரபைப் பற்றி இறையியல் வகுப்புகளில் நான் கற்றதை அவர்கள் வாழ்க்கையிலேயே கற்றிருக்கிறார்கள்.

ஓர் ஊர், இரண்டு ஆயர்கள்

கல்லறையிலிருந்து கோபுரத்திற்கு வருவோம். இடையில் உள்ள வரலாறு அவ்வளவு இனிமையானதன்று.

1545-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் மயிலைக்கு வந்து, ஏறத்தாழ நான்கு மாதம் தங்கி, இக்கல்லறையருகே செபித்துத் தம் அடுத்த பயணத்தின் திசையைத் தெளிந்தார். 1606-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் மயிலையை மறைமாவட்டமாக்கினார். அதன் எல்லை சோழமண்டலக் கரையில் தொடங்கி வங்காளம், பெகு வரை நீண்டது. புதுச்சேரியும் அன்று மயிலை ஆயரின் எல்லைக்குள்தான் இருந்தது. நம் புதுச்சேரிக்கும் சாந்தோமுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1672-இல் பிரெஞ்சுக்காரர்கள் சாந்தோம் கோட்டையைக் கைப்பற்றினர்; கோல்கொண்டா படையும் டச்சுக்காரரும் முற்றுகையிட, 1674-இல் அதைக் கைவிட்டனர். முற்றுகைக் காலத்தில் அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டவர்தான் பிரான்சுவா மர்த்தேன். பிரெஞ்சுப் புதுச்சேரி வளர்ந்தது அவர் கையில். சாந்தோமில் தோற்றவர்கள் புதுச்சேரியில் வேரூன்றினார்கள் எனலாம்.

கீழை நாடுகளில் ஆயர்களைப் பரிந்துரைக்கும் உரிமையைத் திருத்தந்தையர் போர்ச்சுகல் அரசுக்கு அளித்திருந்தனர். பதுருவாதோ எனப்பட்டது அது. அரசின் வலிமை குன்றியபோது ஆயர்கள் இல்லாமலே ஆண்டுகள் கழிந்தன. எனவே ரோமை தன் மறைபரப்புப் பேராயத்தின் வழியாக நேரடியாகப் பணியாளர்களை அனுப்பியது. 1838-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் மயிலை முதலிய இடங்களில் பதுருவாதோ அதிகாரத்தை நீக்கினார். போர்ச்சுகல் தரப்புக் குருக்கள் அதை ஏற்கவில்லை. இதன் விளைவு மக்கள் தலையில் விழுந்தது. ஒரே ஊரில் இரண்டு தரப்புக் குருக்கள். ஒருவர் கொடுத்த அருளடையாளம் செல்லுமா என்று மற்றவர் ஐயுறும் நிலை. கோவிலின் சாவிக்காக நீதிமன்ற வழக்குகள். தாத்தா ஒரு தரப்பு, பேரன் மறு தரப்பு என்று குடும்பங்களும் பிளந்தன.

1886-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் போர்ச்சுகல் அரசுடன் உடன்படிக்கை செய்தார். மயிலை மறைமாவட்டம் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால், பிளவு முற்றிலும் ஆறவில்லை. அரண்மனைக்காரத் தெருவில் உள்ள புனித மரியன்னை கோவிலில் சென்னைப் பேராயர். சில கல் தொலைவில் சாந்தோமில் மயிலை ஆயர். இருவரும் கத்தோலிக்கர், இருவருக்கும் ஒரே திருத்தந்தை, ஆனால் ஒரே நகரத்தில் இரண்டு அதிகாரங்கள். தஞ்சைப் பகுதியிலும் மயிலை ஆயருக்குப் பங்குகள் இருந்தன. வேளாங்கண்ணியே 1952 வரை மயிலை மறைமாவட்டத்தைச் சேர்ந்ததுதான் என்றால் இன்று பலர் வியப்பார்கள்.

கோபுரம் எழுந்த காலம்

இந்தப் பின்னணியில்தான் கோபுரத்தைப் பார்க்கவேண்டும். மீண்டும் உயிர்பெற்ற மயிலை மறைமாவட்டத்தின் ஆயர் என்றிக் ஜோஸ் ரீட் த சில்வா. அவர் காலத்தில், 1893-இல், போர்த்துக்கீசியரின் பழைய கோவில் இடிக்கப்பட்டுப் புதிய பேராலயத்தின் வேலை தொடங்கியது. திட்டம் வகுத்தவர் சென்னைப் படைப்பொறியாளர் கேப்டன் ஜே. ஏ. பவர். 1896 ஏப்ரல் முதல் நாள் பேராலயம் அர்ச்சிக்கப்பட்டது. ஆயர் போர்த்துக்கீசியர், பொறியாளர் ஆங்கில அரசின் படையைச் சேர்ந்தவர், கட்டட முறையோ பிரான்சில் பிறந்து ஐரோப்பா எங்கும் பரவிய கூர்வளைவுக் கோத்திக் முறை. அடித்தளத்தில் இருப்பதோ யூத நாட்டு மீனவர் கூட்டத்தோடு திரிந்த ஒருவரின் கல்லறை!

அந்தக் கோபுரம் எழுந்ததில் பக்தி இருந்தது, அதில் ஐயமில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒடுக்கப்பட்டிருந்த ஒரு மறைமாவட்டம், "நாங்கள் மீண்டு வந்துவிட்டோம்" என்று ஊரறியச் சொன்ன குரலும் அதில் இருந்தது என்று கருதுகிறேன். கல்லைப் பிரித்து இது பக்தி, இது பெருமை என்று நாம் வகைப்படுத்த இயலாது. எங்கள் மலையில் ஒரு முழம் கூடுதலாகக் கேட்டவர்களை நான் கடிந்துகொண்டேன். பிறகு இவ்வரலாற்றை மீண்டும் படித்தபோது, அந்த ஒரு முழ ஆசை ஆயர்களையும் அரசர்களையும்கூட விட்டுவைக்கவில்லை என்று கண்டு சற்றே அடங்கினேன்.

பிளவு ஆறியது எப்போது? 1950-இல் போர்ச்சுகல் அரசு இந்தியாவில் தன் பழைய உரிமைகளை விட்டுக்கொடுத்தது. 1952 நவம்பர் 13 அன்று சென்னை, மயிலை இரண்டும் சேர்ந்து ஒரே உயர்மறைமாவட்டமாயின. லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகை அதன் முதல் பேராயரானார். அன்றே தஞ்சை மறைமாவட்டமும் பிறந்தது. சாந்தோம் தலைமைக் கோவிலாக நிலைத்தது. 1956-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதைப் பேராலய நிலைக்கு உயர்த்தினார். 1986 பிப்ரவரி 5-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அங்கே வந்து செபித்தார். ஆக, கோபுரத்தைக் கட்ட மூன்று ஆண்டு போதுமாயிருந்தது. அது எல்லாருடைய கோபுரமும் ஆவதற்கு இன்னும் ஐம்பத்தாறு ஆண்டு ஆயிற்று.

கட்டப்படாத அரண்மனை

தோமையாரின் பெயரால் கோபுரம் எழுந்ததில் ஒரு வியப்பும் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் தோன்றிய 'தோமாவின் பணிகள்' என்னும் நூலைத் திருச்சபை திருமறை நூல்களுள் சேர்க்கவில்லை. அதில் உள்ளவை அனைத்தும் வரலாறல்ல. எனினும், அது குறிப்பிடும் கொந்தபோரஸ் என்னும் அரசன் வடமேற்கு இந்தியாவில் உண்மையாகவே ஆண்டவன் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்த நாணயங்கள் காட்டின.

அந்நூலின்படி, தச்சரும் கட்டடக் கலைஞருமான தோமையாரிடம் அரண்மனை கட்டச் சொல்லி அரசன் பொருள் கொடுக்கிறான். அவர் அதையெல்லாம் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பகிர்ந்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்று அரசன் சினந்து கேட்கிறான். வானகத்தில் எழுந்திருக்கிறது என்பது விடை. இறந்துபோன அரசனின் தம்பி அந்த அரண்மனையை அங்கே கண்டு, மீண்டும் உயிர்பெற்று வந்து சாட்சி சொன்ன பிறகே அரசன் மனம் மாறுகிறான். இந்தக் கதையினால்தான் கையில் மூலைமட்டம் ஏந்தியவராகத் தோமையாரைச் சித்திரிக்கின்றனர். கட்டடக் கலைஞர்களின் பாதுகாவலராகவும் போற்றுகின்றனர். ஓர் அரண்மனையும் கட்டாதவர் கட்டுவோருக்குப் பாதுகாவலர்!

கதைதான் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், தோமையாரை நேசித்த பழைய கிறிஸ்தவர்கள் அவரைப் பற்றி இத்தகைய கதையைச் சொல்லத் துணிந்தார்கள் என்பது வரலாறு. ஒழுகும் கூரையைச் சுட்டிய எங்கள் பெரியவர் அந்த நூலைக் கேள்விப்பட்டவர் அல்லர். இருந்தும் அதன் கருத்தை எனக்கு நினைவூட்டியவர் அவரே.

பயணத் திட்டம்

இவ்வளவையும் எண்ணித் திட்டத்தை மாற்றி அமைத்திருக்கிறேன். விடியுமுன் சென்னையை அடைந்து, முதலில் பரங்கிமலை ஏறுவோம். தோமையார் ஈட்டியால் குத்துண்டு இறந்ததாக மரபு சொல்லும் இடம் அது. மலை மக்களுக்கு அந்தப் படிகள் ஒரு பொருட்டல்ல. மூச்சு வாங்கப்போவது நான்தான். அங்கே 1547-இல் கண்டெடுக்கப்பட்ட பழங்காலக் கற்சிலுவையைக் காட்டுவேன். அதன் ஓரத்தில் உள்ள எழுத்து பாரசீகத்தின் பகலவி எழுத்து. போர்த்துக்கீசியருக்கு நெடுங்காலம் முன்பே இங்கே கிறிஸ்தவர் இருந்தனர் என்பதற்குக் கல்லாலான சாட்சி அது.

பின்பு சாந்தோம். வாகனத்தைவிட்டு இறங்கியதும் கோபுரத்தைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லப்போகிறேன், கேட்கமாட்டார்கள், போகட்டும். நேரே கல்லறைச் சிற்றாலயத்திற்கு இறங்குவோம். அங்கே பேச்சில்லை, படமெடுத்தல் இல்லை. கால் மணி நேரம் அமைதி. அதன்பின் மேலே வந்து பேராலயத்தில் திருப்பலி. திருப்பலி முடிந்து வெளியே வந்து, சிறிய கோபுரத்தைத் தேடச் சொல்வேன். அதைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பெரியது தானாகவே விளங்கும்.

நேரமிருந்தால் அரண்மனைக்காரத் தெருவுக்கும் போகவேண்டும். அந்தோனியார் பக்தர்கள் நிறையும் அக்கோவிலில் நின்று, "இங்கே ஓர் ஆயர் இருந்தார்; நீங்கள் காலையில் கண்ட இடத்தில் இன்னோர் ஆயர் இருந்தார்; இருவரின் மக்களும் ஒன்றாகப் பல்லாண்டு பிடித்தது" என்று சொல்லப்போகிறேன். இரண்டு ஊர்க்காரர்களையும் அப்போது அடுத்தடுத்து நிற்க வைக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

மாலையில் கடற்கரை மணலில் அமர்ந்து, மலையில் முடியாத கூட்டத்தை அங்கே தொடர்வோம். கோபுரம் வேண்டாம் என்று அவர்களைக் கொண்டு சொல்லவைக்க இந்தப் பயணம் அன்று. கோவிலின் மணியோசை மலையைக் கடந்து கேட்கவேண்டும் என்ற ஆசை தூய்மையான ஆசை. காட்டில் தேன் எடுக்கச் சென்றவனும் கடுக்காய் பொறுக்கச் சென்றவளும் நண்பகல் மணி கேட்டு நின்று செபிக்கட்டும். கட்டுவதென்று அவர்கள் முடிவு செய்தால் முதற்கல்லை நானே சுமப்பேன். ஆனால், அதை எதன்மேல் கட்டுகிறோம் என்று இரண்டு ஊராரும் ஒன்றாக அமர்ந்து பேசியிருக்க வேண்டும், கூரை ஒழுகக்கூடாது.

முன்பு ஒருமுறை என்னிடம் கேட்ட அந்த மூதாட்டி இன்று இல்லை. "தோமையாரு எங்க இருந்தாரு?" என்ற அவருடைய கேள்வியை இம்முறை வண்டி புறப்படுமுன் நானே எல்லாரிடமும் கேட்கப்போகிறேன். திரும்பும் வழியில், மதுராந்தகம் தாண்டியபின், அவர்கள் எனக்கு விடை சொல்லட்டும்.